பூட்டு விடாத லாரி

என் மாப்பிள்ளை பெங்களூரில் இன்ஜினியர். போன மழைக்கு பெர்ன்ஹில் வீட்டுக்கு வந்தவர், ரிமோட்டில் ஓடும் சின்ன லாரி ஒன்றைக் கொண்டுவந்தார். முழங்கை நீளம்தான் இருக்கும். ஆனால் அச்சும் பல்சக்கரமும் அசல் வண்டி மாதிரியே. விசையைத் தட்டினால் டிபரன்ஷியல் லாக் ஆகி, இரண்டு பக்கச் சக்கரமும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். ஈரப்புல்லில் ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றது விடாமல் இழுக்கும். பாறைமேல் ஏற்றிக் காட்டினார். பிறகு லாக்கை எடுக்காமலே சிமென்ட் வாசலில் ஓட்டினார். எவ்வளவு திருப்பியும் அது நேராகவே போய்ப் பூந்தொட்டியில் முட்டி நின்றது. ஏன் அப்படி என்று எனக்கு விளக்க வந்தார். எனக்கு! நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் சிலோனிலிருந்து தகரப்பெட்டியோடு கப்பலில் வந்து இறங்கிய நான், இன்று குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை எந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும் நாற்காலி துடைத்துப் போடுகிறார்கள். சத்தத்தைக் கேட்டே எந்தப் பல் போயிருக்கிறது என்று சொல்கிறவன் நான். வேறொரு நாளாக இருந்தால் மாப்பிள்ளைக்கு நான் பாடம் எடுத்திருப்பேன். ஆனால் அன்று, பூந்தொட்டியில் முட்டிக்கொண்டு சக்கரம் சுற்றிய அந்தப் பொம்மையைப் பார்த்ததும் என் மச்சான் கண்முன் வந்துவிட்டார்.

மச்சான் என் அக்காவின் புருஷன். சிலோன் தோட்டத்தில் லாரி ஓட்டியவர். இங்கே வந்ததும், காட்டை வெட்டிப் புதிதாகத் தேயிலை வைத்த மலையில் எங்கள் எல்லாருக்கும் சர்க்காரில் கூலி வேலையும் லயம் என்கிற வரிசைவீட்டில் ஓர் அறையும் கொடுத்தார்கள். அவருடைய சிலோன் லைசென்ஸ் இந்தப் பக்கம் செல்லாது என்றார்கள். ஸ்டியரிங் பிடித்த கையில் மண்வெட்டி வந்தது. மறுபடி டிரைவராக வேண்டும் என்பதைத் தவிர அந்த மனுஷனுக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியாது.

தோட்டத்தில் பட்டாளத்தார் கழித்துப்போட்ட பழைய லாரி ஒன்று இருந்தது. அதன் டிபரன்ஷியல் லாக், போட்ட நிலையிலேயே துருப்பிடித்து இறுகிவிட்டது. நெம்பிப் பார்த்தும் விடவில்லை. திருப்பத்தில் வெளிச்சக்கரம் அதிகமும் உள்சக்கரம் குறைவுமாகச் சுற்றினால்தான் வண்டி வளையும். பூட்டிவிட்டால் இரண்டும் ஒன்றாகச் சுற்றும். சேற்றில் அது வரம். சேறு இளகி வழிவிடும், தார் விடாது. அதனால் அந்த லாரி தோட்டத்து மண்பாதையில் கேட் வரைக்கும்தான் வரும். அங்கிருந்து தேயிலைக் கொழுந்தை டிராக்டரில் மாற்றி, தார்ரோட்டில் இறக்கி பேக்டரிக்குக் கொண்டுபோவார்கள்.

ஒரு நாள் நல்ல மழை. லாரி டிரைவர் வரவில்லை. வேறு வழியில்லாமல் பீல்டு ஆபீசர் மச்சானை ஓட்டச் சொன்னார். அந்த ஆபீசர் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். தன்னைத் துரை என்று கூப்பிட வேண்டாம் என்றுகூட ஒரு தடவை சொன்னார். எங்கள் வாய்க்கு வேறு வார்த்தை வராது. அன்று சதுப்பில் அச்சு வரை அமுங்கிய லாரியை மச்சான் மேலே கொண்டுவந்த அழகை நான் இன்னும் யாரிடமும் பார்க்கவில்லை. என்னிடமும்தான். இதை நான் சுலபத்தில் சொல்கிறவன் இல்லை.

கொழுந்து பறித்த பெண்களும் நானும் மூட்டைகள்மேல் ஏறி வந்தோம். கேட்டுக்கு வந்தால் டிராக்டர் இல்லை. வழியில் பழுதாகி நின்றுவிட்டதாம். மூட்டைக்குள் கொழுந்து சூடேறிக்கொண்டிருந்தது. ஆபீசர் ஜீப்பிலிருந்தபடியே சொன்னார்.

"ஏப்பா சிலோன், அப்படியே பேக்டரிக்கே உட்டுரு. கொழுந்து கெடாம போய்ச் சேந்துதுன்னா, உன்னையே டிரைவராப் போடச் சொல்றேன்."

மச்சான் அந்த இறுகிய லாக் லீவரைப் பார்த்தார்.

"சரிங்க தொரை" என்றார்.

ஜீப் போனதும் மூட்டைகள்மேல் உட்கார்ந்திருந்த பெண்களை இறங்கச் சொன்னார். கொழுந்து நசுங்குகிறதாம், நடந்து வர வேண்டுமாம். மழையில் நாளெல்லாம் நின்றவர்களுக்குக் கோபம் வராதா?

"எங்க இடுப்பு நசுங்குறப்ப எங்க போனீங்க டைவரு?" என்றாள் ஒருத்தி.

"வேலையே இன்னும் போடல. அதுக்குள்ள இவரும் தொரையாகிட்டாரு" என்றாள் இன்னொருத்தி.

எல்லாரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். என்னையும் இறக்கி, பெண்களுக்குத் துணையாக வரச் சொல்லிவிட்டுத் தனியாகப் போனார்.

முதல் இரண்டு திருப்பங்களை எப்படியோ அகலமாக வளைத்துத் தாண்டியிருக்கிறார். அடுத்தது இறக்கத்தில் கொண்டை ஊசி. நாங்கள் நடந்து வந்து சேர்ந்தபோது தாரில் தடம் மட்டும் இருந்தது. ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்திருக்கிறார். முன்சக்கரம் குறுக்காகத் தேய்த்துக்கொண்டே நேராகப் பள்ளத்துக்குப் போயிருந்தது. கீழே சோலையின் மரங்களெல்லாம் எங்கள் கொழுந்து. அதே கொழுந்துச் சாக்கில்தான் அவரை மேலே தூக்கி வந்தோம்.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். வேலையில் செத்தான் என்று எழுதினால் லயத்து அறை அக்காவுக்கு நிற்கும், வேலையும் உண்டு. தப்பு அவர்மேல் என்று எழுதினால் பிள்ளைகளோடு வெளியேற வேண்டும். தான் எதுவுமே சொல்லவில்லை, அவன் தானாக எடுத்துப்போய்விட்டான் என்றார் ஆபீசர். அதைக் கேட்ட பெண்கள், கூப்பிடாமலே வந்து நின்றார்கள். தொரை சொன்னதை எங்கள் காதால் கேட்டோம் என்று ஒவ்வொருத்தியும் சொன்னாள். அன்று இடுப்பு நசுங்குவதைச் சொல்லிக் கேலி செய்தவள் அழுதுகொண்டே சொன்னாள்:

"எங்க உசுரு அவரு போட்ட பிச்சைங்க. கொழுந்து நசுங்கும்னு பொய் சொல்லி எங்கள இறக்கி உட்டாரு."

அதிகாரி தலை நிமிர்ந்தார். அப்படியானால் வண்டி திரும்பாது என்று அவனுக்கு முன்னமே தெரியுமா என்று கேட்டார். தெரியும், தெரிந்துதான் எங்களைக் காப்பாற்றினார் என்று எல்லாரும் பெருமையாகச் சொன்னார்கள். நான் குறுக்கே பேசினேன். மீசை முளைக்காத அந்த வயதிலும் என் வாய் சும்மா இருந்ததில்லை. என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதிகாரி நல்ல மனுஷன்தான், அக்காவை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"ஏம்மா, கெட்டுப்போன வண்டின்னு அவருக்குத் தெரியுமில்ல? முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? அப்ப அவரு மேலதான தப்பு?"

அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஆமாங்க தொரை" என்றாள்.

அவர் அதையே எழுதி, காகிதத்தை அவள் பக்கம் திருப்பினார். எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு, அக்கா பெருவிரலை நீட்டினாள்.