காரிமங்கலம் சந்தையில் கேட்ட மணி

காரிமங்கலம் சந்தையில், மாட்டை விற்றுவிட்டு அதன் கழுத்து மணியை மட்டும் அவிழ்த்து வைத்துக்கொண்டு ஓர் அம்மா நின்றிருந்தார். பனி இன்னும் கலையவில்லை. மணியைப் படமெடுத்து, பழம்பொருள்களுக்கு விலை சொல்லும் ஏஐ செயலியில் போட்டேன். நாற்பதாயிரம் என்றது. திரையை மறைத்துக்கொண்டேன்.

“ஐநூறு தரேங்க.”

“எடுத்துக்கங்க. மாடே போயிருச்சு.”

கைமாறும்போது மணி ஒருமுறை ஒலித்தது. வண்டியில் ஏற்றியிருந்த மாடு, பனிக்குள் எங்கிருந்தோ, கனவில் கூப்பிடுவதுபோல் ‘ம்மா’ என்றது. அவர் முகம் மாறியது.

“வேணாங்க, அதுக்கே கட்டிடறேன்” என்று மணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு பனிக்குள் நடந்தார். கொஞ்ச நேரத்தில் மணிச் சத்தம் வண்டியோடு தூரமாய்ப் போனது.

உண்மை விலையை நான் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தாலும் மாட்டுக்கே கட்டியிருப்பார் என்று தோன்றும்போதெல்லாம் கூசிப்போகிறேன்.