மூன்றாம் ஓலையும் பழைய அமெரிக்கப் படங்களும்

கல்லூரியில் மூன்றாம் ஆண்டு விருப்பப் பாடமாக உலக சினிமாவை எடுத்தபோது எனக்கு உயர்ந்த நோக்கம் எதுவும் இல்லை. சித்திரை வெயிலில் இரண்டு மணி நேரம் ஏ.சி. அறையில் உட்காரலாம், அவ்வளவுதான். பேராசிரியை வந்து, இந்தப் பருவம் முழுக்கப் பழைய அமெரிக்கப் படங்கள், பெரும்பாலும் கறுப்பு வெள்ளை என்றார். பின்வரிசையில் பாதிப் பேர் அப்போதே தூங்கத் தயாரானார்கள்.

சினிமாவைக் கண்டு வாய் பிளக்கிற ஊரும் இல்லை எங்களுடையது. காரைக்குடியைச் சுற்றியுள்ள பெரிய வீடுகளில் எப்போதும் ஏதாவது ஒரு படப்பிடிப்பு இருக்கும். சின்ன வயதில் வலையபட்டியில் ஒரு படத்துக் கல்யாணத்தை நானும் அக்காவும் வேடிக்கை பார்த்திருக்கிறோம். காலையில் கட்ட ஆரம்பித்த தாலியை மத்தியானம் வரைக்கும் கட்டிக்கொண்டே இருந்தார்கள். "நிறுத்துங்க கல்யாணத்தை" என்று கத்திக்கொண்டு உள்ளே வர வேண்டிய பெரியவருக்கு மூச்சு வாங்கியது. மணப்பெண்ணாக நடித்தவருக்கு மட்டும் வேலை சுலபம். குனிந்துகொண்டே இருந்தால் போதும், வசனமே கிடையாது.

ஆகவே எதைக் காட்டினாலும் அசரக்கூடாது என்ற திமிரோடுதான் வகுப்புக்குப் போனேன். முதல் படத்திலேயே அசந்துவிட்டேன். முத்தத்தைப் பார்த்தா என்றால், இல்லை. அதெல்லாம் எங்கள் தலைமுறைக்குப் பழகிப்போனது. புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனிக் கட்டிலில் படுத்திருந்தார்கள், நடுவில் ஒரு விளக்கு. அந்தக் காலத்துத் தணிக்கை அப்படி என்று பேராசிரியை விளக்கினார். வீட்டில் வந்து சொன்னபோது, "நல்ல குடும்பமா இருக்கும்போல" என்றார் அம்மா.

அடுத்த படத்தில் ஒரு மகள் மேசைமேல் கால் போட்டுக்கொண்டு அப்பாவிடம் வாதம் செய்தாள். அப்பா அவள் காலைப் பார்க்கவே இல்லை, அவள் சொன்ன பதிலைத்தான் யோசித்தார். அதே வீட்டில் ஒரு கறுப்பினப் பணிப்பெண் இருந்தாள். கதவைத் திறந்தாள், கோட்டை வாங்கி மாட்டினாள், "ஆமாம் அம்மா" என்றாள். படம் முழுக்க அவளிடம் ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. பேராசிரியை படத்தை நிறுத்தி அதைச் சொன்ன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. இத்தனை வாயாடிகள் உள்ள வீட்டில் வாயே இல்லாமல் ஒருத்தியா என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஆனால் என்னை நிஜமாக அதிரவைத்தது ஒரு கல்யாணப் படம். சிரிப்புப் படம்தான். கோயிலில் பாதிரியார் மணப்பெண்ணிடம் சம்மதமா என்று கேட்கிறார். அவள் கொஞ்சம் யோசித்து, "இல்லை" என்கிறாள். கத்தவில்லை, அழவில்லை. கடையில் இந்தக் கலர் வேண்டாம் என்று சொல்கிற மாதிரி சொல்கிறாள். பிறகு பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடுகிறாள். வெளியே காரோடு இன்னொருத்தன் நிற்கிறான். வகுப்பே கைதட்டிச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டில் அப்போது அக்காவுக்குக் கல்யாணம் முடிவாகியிருந்தது.

நாங்கள் நான்கு தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள். அப்பா பள்ளி ஆசிரியர். கோவிலூர்ப் பக்கம் கொஞ்சம் வயலும் உண்டு. அக்கா ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். மாப்பிள்ளை திருப்பூரில் நல்ல வேலையில் இருந்தார். குடி கிடையாது, வரதட்சணைப் பேச்சு கிடையாது, ஞாயிறு பூசைக்குத் தவறமாட்டார். அவரைக் குறை சொல்ல வேண்டும் என்றால் உட்கார்ந்து கற்பனைதான் செய்ய வேண்டும்.

எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பங்குச்சாமியார் விசாரிப்பார். செபங்களைச் சொல்லச் சொல்வார், பிறகு சம்மதமா என்று கேட்பார். அதற்கு நாங்கள் குடும்பத்தோடு போயிருந்தோம். அக்கா எல்லா செபத்தையும் பிழையில்லாமல் சொன்னாள்.

"ஒனக்கு முழுச் சம்மதம்தானேம்மா? யாரும் வற்புறுத்தலையே?" என்று சாமியார் கேட்டார்.

"சம்மதந்தான் சாமி," என்றார் அம்மா. "எம்மக என்னைக்கு எங்க பேச்சைத் தட்டியிருக்கா?"

சாமியார் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகளுக்காக அம்மா பதில் சொல்வது எங்கள் வீடுகளில் பிழையாகவே யாருக்கும் படாது. டாக்டர் "எங்கம்மா வலிக்குது?" என்று கேட்டாலும் அம்மாதான் சொல்வார். நானும் பக்கத்தில் நின்றேன். எனக்கும் வித்தியாசமாக ஒன்றும் படவில்லை.

அதன்பின் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, இதற்குத் தடை ஏதேனும் தெரிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்கவும் என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும். முதல் ஓலை வாசித்த வாரம் நான் அந்தக் கல்யாணப் படத்தை லேப்டாப்பில் அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். சனிக்கிழமை மத்தியானம், அம்மா துணி எடுக்க அத்தையோடு கடைக்குப் போயிருந்தார்.

அக்கா சிரிக்கவே இல்லை. "அந்த எடத்தை மறுபடி போடு" என்றாள். போட்டேன். இன்னொரு தடவையும் போடச் சொன்னாள்.

"இவ மறுநாள் எங்க போனா?"

"மறுநாளெல்லாம் காட்டமாட்டாக. அதான் காருல போயிட்டாளே."

"கார் வராட்டி?"

"கார் வராட்டி படமே இல்லக்கா," என்று சிரித்தேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

அந்த வாரம் வகுப்புக்கு ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தேன். அந்தப் படத்தில் வருகிற கேள்வியை எங்கள் கோயிலிலும்தான் கேட்கிறார்கள். ஆனால் பதில் வரும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. டிக்கெட் எடுக்காதவர் யாராவது உண்டா என்று பஸ்ஸில் கண்டக்டர் கேட்பது மாதிரிதான் என்று எழுதியிருந்தேன். எங்கள் மண்ணில் இப்படி ஒரு காட்சி நடக்கவே நடக்காது என்று அடித்துச் சொல்லியிருந்தேன். பேராசிரியை ஓரத்தில் "அருமை" என்று எழுதித் தந்தார். இரண்டு நாள் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

மூன்றாம் ஓலை வாசித்த ஞாயிறு கோயிலில் நல்ல கூட்டம். வாசித்து முடித்ததும் முன்பெஞ்சிலிருந்த உறவுக்காரர்கள் திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பதிலுக்குச் சிரித்தார். பூசை முடிந்து எல்லோரும் வாசல் பக்கம் நகர்ந்தபோது அக்கா மட்டும் எதிர்ப்பக்கமாக, சாமியார் உடை மாற்றுகிற அறையைப் பார்த்து நடந்தாள். தாலி மந்திரிப்பது பற்றி ஏதோ கேட்கப் போகிறாள் என்றுதான் நினைத்தோம். அப்பாவும் நானும் பின்னாலேயே போனோம்.

சாமியார் மேலங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார். அக்கா வாசற்படியில் நின்றபடியே பேசினாள்.

"சாமி, தடை இருந்தா ஒங்ககிட்டச் சொல்லணும்னு மூணு வாரமா வாசிக்கிறீக. சொல்ல வந்திருக்கேன்."

"யாருக்கு என்ன தடைம்மா?"

"எனக்குத்தான் சாமி. எனக்குச் சம்மதம் இல்ல."

வகுப்பே சிரித்துக் கேட்ட அதே வார்த்தை. இங்கே பின்னணி இசை இல்லை. வெளியே உறவுக்காரர்கள் அம்மாவிடம் சாப்பாட்டுக்கு என்னென்ன என்று விசாரிக்கிற சத்தம்தான் கேட்டது.

சாமியார் அங்கியைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றார். "அன்னைக்குச் சம்மதம்னு சொன்னியேம்மா?"

"அம்மா சொன்னாக சாமி. நான் சொல்லல."

சாமியார் அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். நான் யாரைப் பார்ப்பது? சாமியார்தான் முதலில் சுதாரித்தார். "வாத்தியாரே, கொஞ்சம் வெளிய இருங்க" என்று எங்களை அனுப்பிவிட்டு அக்காவிடம் தனியாகப் பேசினார். அன்றைக்கே அப்படிச் செய்திருக்கலாம். வெளியே வந்தபோது அக்கா அழுதிருந்தாள். ஆனால் வார்த்தையை மாற்றவில்லை. அவள் சம்மதிக்காமல் தம்மால் கல்யாணம் நடத்திவைக்க முடியாது என்று சாமியார் அப்பாவிடம் சொல்லிவிட்டார்.

அதன்பின் எங்கள் வீடு வீடாக இல்லை. பிள்ளையார்பட்டி ரோட்டில் மண்டபம் சொல்லியாகிவிட்டது, பத்திரிகை பாதி கொடுத்தாகிவிட்டது. அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, அன்று மத்தியானமே வந்து இறங்கினார். வந்ததும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"யாருத்தா அவன்?"

"யாரும் இல்லத்தை."

"யாரும் இல்லாமயா ஒருத்தி வேணாம்பா? எந்த சாதி? பள்ளிக்கூடத்துலயா?"

அக்காவின் போனை வாங்கிப் பார்த்தார்கள். அவளுடைய பள்ளியில் வேலை செய்கிற தோழியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஒருவனும் அகப்படவில்லை. அகப்படாததுதான் அவர்களுக்குப் பெரிய சந்தேகமாகிவிட்டது. பிறகு பழி என் லேப்டாப் மேல் விழுந்தது. "வெள்ளக்காரிக படத்தைப் போட்டுக் காட்டுனா புள்ள கெட்டுத்தான போகும்" என்றார் அத்தை. அந்தப் படம் எடுத்த காலத்தில் அத்தை பிறந்தே இருக்கமாட்டார் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. நல்லவேளை, விழுங்கிவிட்டேன்.

மறுநாள் மாடியில் துணி காயப்போடும்போது நானே அவளிடம் கேட்டேன். "எங்கிட்டயாச்சும் சொல்லுக்கா. யாரு?"

ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என்னைச் சுடுகிறது. "ஒருத்தன் வந்து காரோட நின்னாத்தான் நான் வெளிய வரலாமாடி? அந்த மாப்பிள்ளையோட மூணு தடவை போன்ல பேசுனேன். பேசி முடிச்சு வச்சதும் ஒவ்வொரு தடவையும் அப்பாடான்னு இருந்துச்சு. காலம் பூரா அப்பாடா சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா? அதான் வேணாம்னேன். வேற ஒண்ணும் இல்ல."

அவள் கீழே இறங்கிப் போன பிறகும் அங்கேயே நின்றேன். நான் பார்த்த அத்தனை பழைய அமெரிக்கப் படங்களும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. வேண்டாம் என்று சொன்ன பெண்கள் அவற்றில் ஏராளம். துணிச்சல்காரிகள், வாயாடிகள். ஆனால் ஒருத்தனை வேண்டாம் என்று சொன்ன ஒவ்வொருத்தியும் கடைசியில் இன்னொருத்தன் தோளில் சாய்ந்துதான் படம் முடிந்தது. சும்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பி வந்து துணி காயப்போட்டவள் ஒருத்திகூட இல்லை. கடல் தாண்டி அத்தனை பெரிய ஸ்டுடியோக்களில் உட்கார்ந்து கதை எழுதியவர்களும் எங்கள் அத்தை கேட்டதையேதான் கேட்டிருக்கிறார்கள். நானும் அதையேதான் கேட்டேன். படிக்காத அத்தைக்கும் படித்த எனக்கும் இதில் என்ன வித்தியாசம் என்று வெட்கமாக இருந்தது.

இன்னும் ஒரு காரியம் முடியாமல் கிடந்தது. மாப்பிள்ளை வீட்டுக்கு யாரும் சொல்லவில்லை. அப்பா போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அத்தை ஒரு வழி சொன்னார்.

"தம்பி, புள்ளைக்கு மஞ்சக்காமாலைன்னு சொல்லித் தேதியைத் தள்ளு. ரெண்டு மாசத்துல வழிக்குக் கொண்டுவந்துரலாம். அங்குட்டும் மனசு கோணாது."

அப்பா மறுக்கவில்லை. எனக்குப் பகீரென்றது. இரண்டு மாதம் இந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து பேசினால் கல்லும் கரையும். அக்கா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா போனைக் கையில் எடுத்தார். அம்மாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"சம்மதமாம் சம்மதம்! என்னையுந்தான் அன்னைக்கு சாமி கேட்டாக. நானா வாயைத் தொறந்தேன்? எங்கம்மாதான் சம்மதம்னு சொன்னாக. நான் இந்த வீட்டுல பொழைக்கலையா? ரெண்டு புள்ளை பெத்து வளக்கலையா?"

அப்பா போனிலிருந்து தலையைத் தூக்கினார். அவர் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை.

"அப்ப ஒனக்குச் சம்மதம் இல்லையா?" என்று கேட்டார்.

"எனக்கா?" என்றார் அம்மா. அந்தக் கேள்வி தன்னிடம்தான் கேட்கப்பட்டது என்பதே அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. கோபம் எங்கேயோ போய்விட்டது. "யாராச்சும் கேட்டிருந்தாத்தானே எனக்கே தெரிஞ்சிருக்கும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

அப்பா கொஞ்ச நேரம் அடுப்படிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எண்ணைப் போட்டுப் போனைக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் எடுத்தவர்கள் நலம் விசாரித்திருக்க வேண்டும்.

"எல்லாரும் சௌகரியமா இருக்கோம். ஒடம்புக்கெல்லாம் ஒண்ணும் இல்லைங்க," என்றார் அப்பா. "எம்மகளுக்கு இதுல சம்மதம் இல்ல. அவளைக் கேக்காமயே நாங்க ஓலை வாசிச்சுட்டோம். தப்பு எங்க மேலதான்."