பனிக்குட்டியின் குரல்

அந்த ஜப்பானியக் கார்ட்டூன் படம் எப்படி என்று யாராவது கேட்டால், நன்றாக இருக்கும் என்றுதான் இன்றும் சொல்வேன். சொன்ன கையோடு மகள் எங்கே என்று திரும்பிப் பார்த்துக்கொள்வேன்.

கொல்லிமலையில் எனக்கு நர்ஸ் வேலை. ஆறு வயது மகளோடு குவார்ட்டர்ஸில் இருக்கிறேன். கணவருக்கு வேலை மலைக்குக் கீழே, நாமக்கல்லில். வாரக் கடைசியில் மட்டும் வருவார். அப்படி வந்தபோது செல்போனில் ஏற்றிக்கொண்டு வந்த படம் அது.

ஒரு சிறுமி மூடுபனிக்குள் போகிறாள். அங்கே பஞ்சு உருண்டை மாதிரி பனிக்குட்டிகள். அவை ஆட்களின் குரலைத் திருடி, அம்மா போலவும் டீச்சர் போலவும் கூப்பிட்டு விளையாடும். பதில் சொன்னால் தோற்றோம். சிறுமி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். அந்தக் காட்சிக்காகவே எத்தனை தடவையும் பார்க்கலாம். சோற்றுப் பானையின் ஆவியைக்கூட அவ்வளவு பொறுமையாக வரைந்திருக்கிறார்கள், பார்த்தால் பசிக்கும்.

குறை இல்லாமல் இல்லை. நடுவில் சவசவ என்று இழுக்கிறது. பறக்கும் குடை எதற்கு வந்தது என்று கடைசிவரை விளங்கவில்லை. எனக்குப் பெரிய எரிச்சல் அந்த அம்மாதான். பிள்ளையை நாள் முழுக்கக் காணோம், அவள் பாட்டுக்குத் துணி உலர்த்திக்கொண்டிருக்கிறாள்! என்ன ஜென்மமோ என்று வாய்விட்டே திட்டினேன். மகள் அதற்கும் சிரித்தாள்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் டூட்டி முடிந்து வந்தேன். பள்ளிக்கூடம் விட்டால் மகள் பக்கத்து மரவள்ளிக் காட்டு அக்காவிடம்தான் இருப்பாள். அக்கா மட்டும் வாசலில் நின்றார்.

"இப்பத்தானுங்க இங்க வெளையாடிட்டு இருந்துச்சு. பனி எறங்குச்சு, காணோமுங்க."

எதிர்வீடு தெரியவில்லை. என் கையே மங்கலாகத் தெரிந்தது. அக்காவின் மரவள்ளிக் காட்டுக்கு அந்தப் பக்கம் சுற்றுச்சுவர் இல்லாத கிணறு ஒன்று உண்டு.

ஓடினேன். பெயரைச் சொல்லிக் கத்தினேன். ஒவ்வொரு சில்வர் ஓக் மரமும் யாரோ நிற்பது போலவே இருந்தது; கிட்டே போனால் மரம். கிணற்றோரம் மண்டியிட்டு எட்டிப் பார்த்தேன். உள்ளேயும் பனிதான். தண்ணீர் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை. என் வாழ்நாளில் அப்படிப் பயந்ததில்லை. கத்திக் கத்திக் கடைசியில் வெறும் அலறல்தான் வந்தது.

பின்னாலேயே ஓடிவந்த அக்கா என் தோளைப் பிடித்தார்.

"ஏனுங்க சிஸ்டர், இப்படி அலறுனா புள்ள பயந்துக்குமுங்க. தெனமும் சோத்துக்குக் கூப்பிடுவீங்கல்ல, அப்படிக் கூப்பிடுங்க."

அவர் மேல் கோபம்தான் வந்தது. சோற்றுக்கா கூப்பிடுகிற நேரம்? ஆனால் வேறு வழி எனக்கும் தெரியவில்லை. எழுந்து நின்று, "தோசை ஆறுதுடி கண்ணு, சீக்கிரம் வா" என்றேன். குரலை எப்படியோ நடுங்காமல் பிடித்து நிறுத்தினேன்.

பக்கத்திலேயே சருகு சரசரத்தது. மிளகுக் கொடி படர்ந்த மரத்தின் பின்னாலிருந்து, வாயைப் பொத்திய கையோடு அவள் வந்தாள். அந்த மரத்தைத் தாண்டித்தான் நான் கிணற்றுக்கு ஓடியிருந்தேன்.

அடிக்க ஓங்கிய கையால் அணைத்துக்கொண்டேன்.

"அவ்வளவு கத்தினேனே, ஏன்டி பதில் சொல்லல?"

"அது நீ இல்லம்மா. பனிக்குட்டி."

"என் குரல் உனக்குத் தெரியாதா?"

"அது பயந்துபோன குரலும்மா. நீதான் பயப்படவே மாட்டியே."

நாங்கள் தனியாக இருக்கும் ராத்திரிகளில் காற்றுக்குக் கதவு தடதடவென்று அடித்துக்கொள்ளும். என் பயம் அவளுக்குத் தெரியக்கூடாது என்று துணி மடித்தபடி பாட்டுப் பாடுவேன். துணி உலர்த்திய படத்து அம்மாவும் இப்படித்தான் மறைத்தாளோ என்னவோ; அவளைத் திட்டினவள்தான் நான்.

அங்கேயே ஈர மண்ணில் உட்கார்ந்து, அவள் முகத்துக்கு நேராக ஓவென்று அழுதேன். இந்தக் குரலும் அம்மாவுடையதுதான் என்று அவள் கேட்டு வைத்துக்கொள்ளட்டும்.