சிலிண்டர் அண்ணனும் எங்கள் தெரு ஓட்டும்

என் கணவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய வாரம், சமையல் பாதியில் இருக்கும்போது கேஸ் தீர்ந்துவிட்டது. புது சிலிண்டர் வர ஐந்து நாள் ஆகும் என்றார்கள். அன்று மதியமே, எங்கள் தெருவுக்கு கேஸ் போடும் சிலிண்டர் அண்ணன் ஒன்றைத் தோளில் சுமந்து மூன்று மாடி ஏறி வந்தார். மாட்டி, சோப்புத் தண்ணீர் தொட்டு வைத்துக் கசிகிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் கேட்காமல் இறங்கிப் போனார். அது அவர் வீட்டு அடுப்பிலிருந்து கழற்றியது என்பது, ஒரு மாதம் கழித்து அவர் மனைவி பேச்சுவாக்கில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த ஐந்து நாளும் அவர்கள் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் சமைத்திருக்கிறார்கள். கடவுள் சிலரைப் படைக்கும்போதே வாயைச் சின்னதாக வைத்துவிடுகிறார் போலும்.

எங்கள் தெருவில் சொந்தப் பெயர் யாருக்கும் புழக்கத்தில் இல்லை. மாடிவீட்டுப் பெரியம்மா, கண்ணாடி மாமா, நெட்டை என்றுதான் கூப்பிடுவோம். அண்ணன் ஒருவருக்கு மட்டும் வீட்டுக்கு ஒரு பெயராவது தெரியும். அவர் கொண்டுவரும் ரசீதில் அச்சாகி வருமே.

தெருவில் இரண்டு கட்சி, சின்னத்தை வைத்துத்தான் பெயர். அண்ணன் குடைக் கட்சி. அவர் மனைவியின் அண்ணன் மூலையில் தையல் கடை வைத்திருக்கிறார். அவர் ஜன்னல் கட்சி. தினமும் சண்டைதான்.

"மாப்பிள்ளை, மழை பெஞ்சாதான் உங்க கட்சிக்கு வேலையே" என்பார் தையல்காரர்.

"ஜன்னலைத் திறந்தா என்ன வரும் மச்சான்? கொசுதான் வரும்" என்பார் அண்ணன். அதே மூச்சில் கிழிந்த சட்டையைத் தைக்கக் கொடுப்பார்.

போன பெரிய தேர்தலில் அண்ணன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றார். பட்டியலில் அவர் பெயர் இல்லை. பின்னால் நின்ற பெரியம்மா பெயரும் இல்லை. வந்தவர்களில் பாதிக்கு மேல் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். மறுநாள் செய்தித்தாளில், நகரத்திலேயே சோம்பேறித் தெரு எங்கள் தெரு, குடியிருக்கும் பெரியவர்களில் நூற்றுக்கு முப்பத்தொரு பேர்தான் ஓட்டுப் போட்டார்கள் என்று வந்திருந்தது. முப்பது வருடத்தில் ஒரு தேர்தல்கூடத் தவறவிடாத மனிதர் அண்ணன். அதை வாசித்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லையாம்.

பட்டியல் அலுவலகத்துக்கு மூன்று தடவை அலைந்து பதிவேட்டைப் பார்த்துவிட்டு, நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"தங்கச்சி, என் பேரு என்னன்னு தெரியுமா?"

"சிலிண்டர் அண்ணன்" என்றேன்.

அவர் தன் முழுப்பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை நான் ஏற்கெனவே கேட்டிருந்தேன். சில மாதம் முன்பு ஓட்டுப் பட்டியலைச் சரிபார்க்க ஒரு பெண் அட்டையும் பேனாவுமாக வந்து, இந்தப் பெயரில் இங்கே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். அப்படி யாரும் இல்லையம்மா என்று நான்தான் சொன்னேன். தெரு முழுக்க இப்படித்தான் ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லியிருக்கிறோம். நூற்று நாற்பத்து மூன்று பெயர்களை எங்கள் வாயாலேயே அழித்துவிட்டோம்.

"அண்ணே, பாவம் பண்ணிட்டேன்" என்று அழுதுவிட்டேன்.

"அழுதா பேரு வந்துருமா? கவுன்சிலர் தேர்தல் வருது. பேர் சேர்க்கப் பத்து நாள்தான் இருக்கு. பக்கத்து வீட்டுக்காரங்க சாட்சிக் கையெழுத்துப் போடணுமாம். எனக்கு நீ போடு."

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். இவர் இங்கேதான் குடியிருக்கிறார் என்ற வரிக்குக் கீழே, எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டேன். மனசுக்குள் ஆண்டவனிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

அந்தப் பத்து நாளும் அவர் சிலிண்டரை இறக்கிய கையோடு படிவத்தை நீட்டினார். ரசீதில் வீட்டுக்கு ஒரு பெயர்தான் இருக்கும். மற்றவர்கள் பெயரை வாசலிலேயே நின்று கேட்டு எழுதினார். கண்ணாடி மாமா தன் மனைவியின் முழுப்பெயரைச் சொல்ல உள்ளே போய் அந்த அம்மாவையே கேட்டுவிட்டு வந்தார். நாங்கள் சிரித்த சிரிப்பில் அந்த அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அண்ணன் ஜன்னல்காரர்கள் வீட்டுக்கும் போவதைப் பார்த்துத் தையல்காரருக்கே பொறுக்கவில்லை.

"மாப்பிள்ளை, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அழிஞ்ச பேருல பாதிக்கு மேல எங்க ஆளுங்க. உங்க ஆளுங்களை மட்டும் சேர்த்தா கண்ண மூடிக்கிட்டு ஜெயிச்சுருவீங்க."

"தெரியும் மச்சான்."

"அப்புறம் ஏன்யா?"

"அவங்களுக்கும் நான்தானே சிலிண்டர் போடுறேன். உங்க வீட்டுப் படிவத்துல அக்கா பிறந்த தேதி விட்டுப்போச்சு. கேட்டுச் சொல்லுங்க."

தையல்காரர் வாயில் வைத்திருந்த ஊசியை எடுத்துவிட்டு எழுந்து உள்ளே போனார்.

கடைசி நாள் மாலைக்குள் நூற்று முப்பத்தொன்பது படிவம் போய்ச் சேர்ந்தது. நான்கு பேர் வீடு மாறிப் போயிருந்தார்கள்.

தேர்தலன்று வரிசை தையல் கடையையும் தாண்டி நின்றது. பெரியம்மாவை நாற்காலியோடு தூக்கிப் போனார்கள். ஒரு பக்கம் அண்ணன், மறுபக்கம் தையல்காரர். நூற்றுக்கு எழுபத்தாறு பேர் ஓட்டுப் போட்டோம். எங்கள் தெருவில் குடை பதினெட்டு ஓட்டில் தோற்றது.

தையல்காரர் சிரிக்கவும் முடியாமல், வருத்தப்படவும் முடியாமல் வந்து நின்றார். "உன்னாலதான் ஜெயிச்சோம் மாப்பிள்ளை."

"பதினெட்டுதானே. அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்றார் அண்ணன். ஆனால் ஜெயித்த ஜன்னல் கவுன்சிலர் முதல் வாரமே எங்கள் தெருவுக்கு வந்து, நின்று குறைகளைக் கேட்டுவிட்டுப் போனார். அதற்கு முன் கவுன்சிலர் முகத்தை நாங்கள் சுவரொட்டியில்தான் பார்த்திருந்தோம்.

போன வருடம் அண்ணனுக்கு முதுகு வலியில் எழும்ப முடியாமல் போய்விட்டது. மகள் இருக்கும் ஊருக்கே போவதென்று முடிவானது. சாமான் ஏற்றிய வண்டி அருகே தெருவே நின்றது. தையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார். நான், என்னை மன்னித்துவிட்டீர்களா அண்ணே என்று கேட்டேன்.

வண்டியில் ஏறி உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னார்:

"அதெல்லாம் ஒண்ணுமில்ல தங்கச்சி. இனிமே யாராவது ஒரு பேரைச் சொல்லிக் கேட்டு வந்தா, தெரியலன்னு சொல்லு. இல்லன்னு மட்டும் சொல்லிராத."