கைவிட்டார்கள், யாருக்கு என்று எழுதவில்லை

எண்ணூர்க் கழிமுகத்தில் இரண்டு குப்பங்கள் ஒரே இறால் துறைக்காக அடித்துக்கொண்டன. மண்டை உடைந்தவர்கள் ஒரே மருத்துவமனை வராந்தாவில் எதிரெதிரே படுத்துக் கிடந்த பிறகு, சமாதானக் கூட்டம் போட்டார்கள். என் பள்ளித் தோழன் அதில் ஒரு குப்பத்துக்காரன். அந்தத் துறையில் முறைவைத்து அவனுக்கு வலை விடக் கிடைக்கும் நாட்கள்தான் அவன் வீட்டுச் சோறு. பத்திரிகைக்காரன், வாக்கியம் பிசகாமல் எழுதுவான் என்று திருவொற்றியூரிலிருந்து என்னை அவனே கூட்டிப்போனான்.

அடி அதிகம் வாங்கிய எதிர்க்குப்பம் உரிமையைக் கைவிட ஒத்துக்கொண்டது. யாருக்கு என்று எழுதப்போனபோது, கூட்டத்தை நடத்திய அதிகாரி தடுத்தார். பெயர் போட்டால் மறுபடி கலவரம் வரும், ‘கைவிடுகிறோம்’ என்பதே போதும், மீதி எல்லோருக்கும் புரியும் என்றார். மாலைக்குள் அமைதி திரும்பிவிட்டது என்று அவர் மேலிடத்துக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த வாக்கியம் எனக்குப் புதிதல்ல. வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் பல வருடம் இருந்தவன் நான். இரண்டாம் உலகப் போர் முடிந்து சான் பிரான்சிஸ்கோவில் ஜப்பான் கையெழுத்திட்ட உடன்படிக்கையிலும் இதே வாக்கியம்தான்: தைவான் மீதுள்ள எல்லா உரிமையையும் கைவிடுகிறோம். யாருக்கு என்று இல்லை. உரிமை கொண்டாடிய, பெருநிலத்தில் ஒன்றும் தைவானில் ஒன்றுமாக இருந்த இரண்டு சீன அரசுகளையும் கூப்பிடவே இல்லை. எது உண்மையான சீனா என்பதில் கூட்டம் கூட்டியவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. தகராறைத் தீர்க்கத் துணிவில்லாத பெரிய மனிதர்கள் அதை நல்ல தாளில் மடித்துப் பேரப்பிள்ளைகளுக்கு அனுப்பிவைத்தார்கள். அந்தத் தீவு சட்டப்படி யாருடையது என்று பேராசிரியர்கள் இன்னமும் எழுதிப் பிழைக்கிறார்கள். அவர்கள் எழுதியதை நாலு பத்தியாகச் சுருக்கி நானும் பிழைத்தேன். இவ்வளவும் தெரிந்தே, அதிகாரி சொன்னபடி எழுதிக்கொடுத்தேன்.

சில வருடம் தோழனின் குப்பம் தடையில்லாமல் வலை விட்டது. பிறகு ஒரு நிறுவனம் துறைக்குக் குறுக்கே குழாய் பதிக்க வந்தது. ஆட்சேபணைக்கு நாள் குறித்தார்கள். தோழன் உடன்படிக்கையை எடுத்துக்கொண்டு ஓடினான். புதிதாக வந்திருந்த அதிகாரி இரண்டு தடவை படித்துவிட்டு, இதில் உங்களுக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லையே என்றார். உங்களுக்குத்தான் கொடுத்தோம் என்று எதிர்க்குப்பத்திடம் கடிதம் வாங்கிவரச் சொன்னார்.

இருவரும் போனோம். எதிர்க்குப்பத்துத் தலைவர் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“இன்னா நைனா, எங்களுதா இருந்தாதானே குடுக்க முடியும்? அன்னிக்கே வுட்டுட்டோமே. இப்ப எங்க கைல இன்னா கீது?”

நக்கல்தான். ஆனால் ஜப்பான் அரசு இத்தனை காலமாகச் சொல்லிவருவதும் இதுதான்: கைவிட்டாயிற்று, அது யாருடையது என்று சொல்லும் இடத்தில் நாங்கள் இல்லை. அவர்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு சொல்கிறார்கள்.

மறுநாள் ஆட்சேபணைக்குக் கடைசி நாள். அலுவலக வராந்தா பெஞ்சில் மனு எழுத உட்கார்ந்தேன். தோழன் கேட்டான்.

“எய்தும்போதே தெரியுமா மாமு, இது வேலைக்கு ஆவாதுன்னு?”

தெரியும் என்றேன்.

அவன் திட்டவில்லை. என் மடியிலிருந்த வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டான்.

“நீ வூட்டுக்குப் போ. நான் வேற ஆள வெச்சி எய்திக்கிறேன்.”

வாசலில் மனு எழுதுபவரிடம் போய் நின்றான். அவர் முதலில் கேட்டது குப்பத்தின் பெயரை. அதைப் பெரிதாக எழுதினார். ஆதாரமாக இணைப்பதற்கு, என் கையெழுத்தில் இருந்த அந்த உடன்படிக்கையைத் தவிர அவனிடம் வேறு தாள் இல்லை.