பாப்பாவைப் பார்க்கப் போன காந்திமதி

நிலக்கரிச் சுரங்கக் கம்பெனியின் காலியான குவார்ட்டர்ஸைக் கழுவி விடுவதுதான் காந்திமதியின் வேலை. ரிட்டயர் ஆனவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனதும், சுவரில் மாட்டிய காலண்டர், பாத்ரூமில் விட்ட அரைச் சோப்பு, பரணில் மறந்த பொம்மை எல்லாவற்றையும் வாரிக் கொட்டுவாள். பதினாலு வருஷத்தில் கான்ட்ராக்டர்கள் நாலு பேர் மாறிவிட்டார்கள். இவள் மட்டும் பெர்மனென்ட் ஆகாத பெர்மனென்ட்.

போன சித்திரையில் ஒரு வீட்டுப் பரணில் துடைப்பத்தை விட்டாள். பெரிய மரநாய் ஒன்று பாய்ந்து கூரை இடுக்கில் ஓடி மறைந்தது. கண் திறக்காத குட்டி ஒன்று பழைய பேப்பர்மேல் கிடந்தது. தாய் வரும் என்று மதியம்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். வரவில்லை. வேலை முடிந்து வடக்குத்தில் இருக்கும் வீட்டுக்குச் சைக்கிள் மிதித்தபோது சாப்பாட்டுக் கூடைக்குள் குட்டி இருந்தது.

பாப்பா என்று பேர் வைத்தாள். பஞ்சில் பால் நனைத்துக் கொடுத்தாள், அப்புறம் வாழைப்பழம். புருஷன் ராஜாங்கம் மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. பாப்பா அவனுடைய யூனிஃபார்ம் கால்சட்டைக்குள் புகுந்து தூங்கும், விழித்ததும் அதிலேயே மூத்திரமும் பெய்யும். இந்த வூட்ல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல அது இருக்கணும் என்று தினம் கத்துவான். கத்திவிட்டுப் பழத்தை உரித்துக் கொடுப்பான்.

சேதி பரவி, வனத்துறைக்காரர் வந்தார். காட்டு உயிரை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது, பூங்காவில் வளர்த்துக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள் என்று பக்குவமாகச் சொல்லிக் கூண்டில் கொண்டுபோனார். காந்திமதி மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வாழைப்பழ விலை குறைந்ததா என்று ராஜாங்கம் கிண்டல் செய்தான். அவனும் சாப்பிடவில்லை.

ஐந்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரெண்டு பஸ் மாறி அந்த உயிரியல் பூங்காவுக்குப் போனாள். பராமரிப்பாளர் கோபாலகிருஷ்ணன் பள்ளிக்கூடப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். இவளும் கடைசியில் போய் உட்கார்ந்தாள். குட்டி தனியாகக் கிடந்தால் உடனே தூக்கிவிடாதீர்கள், மரநாய் இருட்டில்தான் நடமாடும், பொழுது சாய்ந்ததும் தாய் தேடி வரும் என்றார். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். காந்திமதி முந்தானையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள். அவள் மதியம்வரைதானே உட்கார்ந்திருந்தாள்.

கூட்டம் கலைந்ததும் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். பின்பக்கம் யாரையும் விடுவதில்லை என்றார் அவர். அவள் அங்கேயே நின்றாள். கடைசியில் மனம் இரங்கினார்.

"ஆளுங்கள கண்டா பயப்படறதுக்குத்தாம்மா அஞ்சு மாசமா பழக்கறோம். சாப்பாட்டக்கூட ஒளிஞ்சி நின்னுதான் வெக்கிறோம். வர்ற மாசம் காட்டுல வுடப்போறோம். மனுசன நம்பி ஊருக்குள்ள வந்துச்சின்னா அடிச்சே கொன்னுடுவாங்க. தூரமா நின்னு பாருங்க, வாயத் தொறக்காதீங்க."

தொறக்கமாட்டேன் என்று தலையை அத்தனை தடவை ஆட்டினாள்.

பொழுது சாயும் நேரம் பின்பக்கக் கூண்டில் இருந்த மரப்பெட்டிக்குள்ளிருந்து பாப்பா வந்தது. நல்ல வளர்த்தி. கறுத்த முகம், நீண்ட வால். ஆள் வாடை பட்டதும் காதை விறைத்துச் சடாரென்று கிளையில் ஏறி, முதுகைத் திருப்பிக்கொண்டது. கோபாலகிருஷ்ணன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். சத்தம் போடாமல் நோட்டில் எழுதினார்.

காந்திமதிக்கும் சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். நெஞ்சில் முள்தான் குத்தியது. கால்சட்டைக்குள் தூங்கிய கழுதை, முதுகையா காட்டுகிறது? ஒரே ஒரு தடவை, காற்றுக்குக்கூடக் கேட்காத மாதிரி என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

"பாப்பா."

அது திரும்பியது. கிளையிலிருந்து இறங்கி, நேரே வந்து, கம்பிவலையில் மூக்கை அழுத்தியது. காந்திமதி சிரித்தேவிட்டாள். அப்புறம்தான் அவரைப் பார்த்தாள். எழுதிய கை அப்படியே நின்றிருந்தது.

அவர் திட்டவில்லை. மறுபக்கம் நடந்துபோய், அவரும் பாப்பா என்று கூப்பிட்டார். அது அவரிடமும் ஓடியது.

"பேரச் சொன்னா யாருகிட்ட வேணா போவுது," என்றார். "பாப்பான்னு கூப்புடாத ஊரு ஏது? இத இனிமே வுட முடியாதும்மா. இங்கயேதான் இருக்கணும்."

காந்திமதி பாய்ந்துபோய் வலையைத் தட்டினாள். காலைத் தரையில் ஓங்கி உதைத்தாள். "போ, சனியனே. மேல போ. நான் யாருன்னு ஒனக்குத் தெரியாது, போ." அது போகவில்லை. தலையைச் சாய்த்து, பழம் எங்கே என்று அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. போதும்மா என்று அவர்தான் அவளைத் தள்ளி நிறுத்தினார்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக ராஜாங்கம் கேட்டான்.

"ஒன்ன அடையாளம் தெரிஞ்சிச்சா?"

"இல்ல. மறந்துடுச்சி. அடுத்த மாசம் காட்ல வுடறாங்களாம்."

"மறக்கட்டும், மறக்கட்டும். அப்பத்தான் காட்ல பொழைக்கும்," என்றான்.

மறுநாள் மந்தாரக்குப்பம் டீக்கடையில் அவன் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன காந்திமதி கேட்டாள். அவன் பேன்ட்டில் மூத்திரம் பெய்த பயல் அடுத்த மாசம் காட்டுக்குப் போகிறானாம். கடையில் எல்லாரும் சிரித்தார்கள். அவளைப் பார்த்ததும், நீயே சொல்லு என்பதுபோல ராஜாங்கம் கையை நீட்டினான். அவள் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வேலைக்குப் போனாள்.