அவள் வாசிக்கவில்லை!

இன்று கடைக்கு வந்த படத்தில் முதலில் நான் கவனித்தது அந்தப் பெண்ணின் கண்களைத்தான்.

எதையுமே பார்க்காத கண்கள்!

(கடை என்றால் குவைத்தில், ஃபஹாஹீலில் என் சித்தப்பாவின் ஃப்ரேம் கடை. ஒன்பதாவதோடு படிப்பு நின்றதிலிருந்து நான் அங்கேதான். கண்ணாடி துடைப்பேன். வாயைத் திறக்க மாட்டேன்.)

கொண்டுவந்தவர் ஒரு நர்ஸ் அக்கா. நாகர்கோவில்காரர். ஐரோப்பாவில் முந்நூறு நானூறு வருஷத்துக்கு முன்னால் வரைந்த படமாம், அதன் பிரிண்ட்.

இருட்டு அறை. மடியில் கிட்டார் மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு பெண். வெளிச்சம் அவள் முகத்திலும் கையிலும் மட்டும்.

சித்தப்பா வழக்கம்போல ரேடியோவை அலறவிட்டு, படத்தை விரித்தார்.

"என்னம்மா, கழுத்து ஒடிஞ்ச கிட்டாரா இது?"

"ஒடியல்லண்ணே, அது அப்படித்தானாம்!"

"இந்த ஓரத்துல ரெண்டு இஞ்ச் வெட்டிட்டா ரெடிமேட் ஃப்ரேம்ல கச்சிதமா உக்காரும். முகம் முழுசா வந்துரும். அரை மணி நேரத்துல வேலை முடிஞ்சுது, கலாஸ்!"

"சரிண்ணே, சட்டுனு முடிங்க. டியூட்டி இருக்கு."

சித்தப்பா ஸ்டீல் ஸ்கேலை வைத்தார். கத்தியை எடுத்தார்.

அந்த ஓரத்தில்தான் அவளுடைய இடது கை இருந்தது. வீணையில் பிருடை என்போமே, அந்த மாதிரி ஒரு முளையைத் திருகிக்கொண்டிருந்தது.

அந்தக் கண்கள் எனக்கு அப்போதுதான் புரிந்தன. சிலிர்த்துவிட்டது!

"சித்தப்பா, வெட்டாதீங்க!"

(கத்தியது நானேதான். எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

"அட, ஊமைக்கு வாய் வந்துருச்சு!"

"அவங்க வாசிக்கல சித்தப்பா. சுருதி சேர்க்கிறாங்க."

"உனக்கு எப்படித் தெரியும் மக்களே?" என்றார் அக்கா.

"ஸ்கூல் போனப்ப வீணை கிளாஸும் போனேன்க்கா. வாசிக்கிறப்ப விரலையே பார்ப்பேன். சுருதி சேர்க்கிறப்ப கண்ணு சும்மா திறந்திருக்கும், காது மட்டும்தான் வேலை செய்யும். அந்தக் கையை வெட்டிட்டா, இவங்க வெறுமனே பராக்கு பார்க்கிற பொண்ணு ஆயிடுவாங்க..."

அக்கா குனிந்து கையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். மறுபடியும் கையை.

"ஸ்டெத் காதுல வச்சா நானும் இப்படித்தான் இருப்பேன்," என்றார் மெதுவாக. "அண்ணே, வெட்ட வேண்டாம். பெரிய ஃப்ரேமே போடுங்க. நாளைக்கு வாங்கிக்கிடுதேன்."

சாயங்காலம் ஃப்ரேம் முடிந்தது. படத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு சித்தப்பா டீ குடிக்கப் போனார்.

கடையில் அவளும் நானும் மட்டும்.

இத்தனை வருஷமாக அந்த ஒரு தந்தியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்! இன்னும் சேரவில்லை.

நான் எழுந்து போய், அலறிக்கொண்டிருந்த ரேடியோவை நிறுத்தினேன்.